ஈஸ்வரன் வீட்டு அடுப்புச் செலவு

"புதுசாவே போட்டுருவோம் கற்பகம். பழச நோண்டிக்கிட்டே இருந்தா நமக்குத்தான் நட்டம்" என்றான் ஈஸ்வரன்.

கற்பகம் தோசைக்கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருசன் வாயில் புதுசு என்ற சொல் தானாக வந்ததில்லை. தார்ப்பாய் கிழிந்தால் அதைவிடப் பழைய தார்ப்பாயில் ஒட்டுப்போடுகிறவன். போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில் பத்து ரூபாய் கூடக் கேட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, மூன்று கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே இறங்கி மழையில் நடந்து வந்தவன். அந்த ஆள் ஏலக்காய் காயவைக்கும் அடுப்பை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறான். அதுவும் விலையைக் கேட்ட பிறகு.

"கிங்ஸ்லி எவ்வளவு சொல்றான்?"

"ஒரு லட்சத்து இருபது."

"குறைச்சுக் கேட்டீங்களா?"

"நல்ல சாமான் போடுறவன்கிட்டப் போயி குறைச்சுக் கேக்கலாமா?" ஈஸ்வரன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தோசையைப் பிய்த்தான்.

கல்லில் கிடந்த தோசை கருகும் வாசம் வந்த பிறகுதான் கற்பகத்துக்குக் கையில் கரண்டி இருப்பது தெரிந்தது.

அவர்கள் வீடு போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டிலிருந்து இறங்கும் சரிவில் இருந்தது. வீட்டுச் சுவரை ஒட்டியே ஸ்டோர். காய் காயவைக்கும் அறைக்கு மலையில் அதுதான் பெயர். வெளிப்பக்கம் செங்கல் அடுப்பு. அதில் விறகு எரிந்தால், சூடும் புகையும் பெரிய தகரக் குழாய்க்குள் புகுந்து, அறையின் தரையைச் சுற்றி ஓடி, கடைசியில் புகைபோக்கி வழியாக வெளியே போகும். குழாயின் சூட்டில், மேலே தட்டுகளில் பரப்பிய காய் காயும். புகை மட்டும் குழாயைத் தாண்டி அறைக்குள் வந்துவிடக் கூடாது. வந்தால் காயின் பச்சை போய்ப் பழுப்படித்துவிடும். பழுப்புக் காயை வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்துவிடுவார்கள்.

இந்த வருசம் முதல் காய் எடுப்பிலேயே அது நடந்தது. ஈஸ்வரன் உர மூட்டை வாங்கப் போடிக்குப் போயிருந்தான். தோட்டத்தில் வேலை செய்யும் சோலை, மழைக்கு முன்னால் காயைக் காயப்போட்டுவிடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தான். குழாய் சூடேறிக்கொண்டே வந்தது. திடீரென்று அறைக்குள் டம் என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் உள்ளே ஆள் தெரியாத புகை. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வேறு.

சோலை போனில் விசயத்தைச் சொன்னதும் ஈஸ்வரன் உர மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு மேலே ஓடிவந்தான். அடுப்புக்காக ஓடிவந்தான் என்று சோலை நினைத்தான். அப்படி இல்லை. உள்ளே வெடித்தது என்னவென்று ஈஸ்வரன் ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரியும்.

கற்பகத்தின் தம்பி திருப்பூரிலிருந்து வந்தபோது அக்காவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தான். கைக்கடக்கமான சாமான்தான். மைக்கும் கூடவே உண்டு. செல்லில் பாட்டின் இசையை மட்டும் போட்டுவிட்டு மைக்கில் நாம் பாடிக்கொள்ளலாம். கற்பகத்துக்குக் குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குரல் இருந்தது. எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வரும் அளவுக்கு இருந்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் ஆரம்பித்தால், ஈஸ்வரன் ஒரே பாட்டை இரண்டு முறை கேட்க வேண்டும். வீட்டில் ஒருமுறை, மலையிலிருந்து ஒருமுறை.

பங்குனியில் ஒருநாள் அவன் அந்த ஸ்பீக்கரையும் மைக்கையும் எடுத்துக்கொண்டுபோய், குழாயின் கடைசியில் கரி எடுப்பதற்காக வைத்திருக்கும் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினான். நாலு நாள் காது ஆறட்டும், பிறகு கண்டுபிடித்த மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். ஆனால் அன்று சாயங்காலமே கற்பகம், பக்கத்து வீட்டு ஜெயபாக்கியம்தான் எடுத்திருப்பாள் என்று முடிவுகட்டிவிட்டாள். ஜெயபாக்கியம் ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருக்கிறாள், அவளுக்கும் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. "கொஞ்சம் சத்தத்தக் குறைச்சுப் பாடு கற்பகம், ஜெபம் பண்ண முடியல" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். அது போதுமாக இருந்தது. கற்பகம் கடை வாசலில் போய் நின்று, நாலு பேர் பருப்பு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள். ஜெயபாக்கியம் தலை குனிந்தபடி பருப்பை நிறுத்துக்கொண்டே இருந்தாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு ஸ்பீக்கரை எப்படி வெளியே எடுப்பது? எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரியைத் திருடியாக்கியது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஆடி பிறந்து, சோலை தீக்குச்சியைக் கிழித்துவிட்டான்.

கிங்ஸ்லி போடியில் பட்டறை வைத்திருப்பவன். அடுப்பு, குழாய், புகைபோக்கி எல்லாம் செய்வான். அவன் வந்து கரி மூடியைத் திறந்து, செல் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். கையை விட்டு உருகிக் கட்டியான ஒரு கறுப்பு உருண்டையை இழுத்தான். அதிலிருந்து மைக்கின் வலைத்தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இது பாடுற சாமான் மாதிரில்ல இருக்கு?"

ஈஸ்வரன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு" என்றான்.

கிங்ஸ்லிக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உருண்டையைப் பள்ளத்தில் எறிந்தான். திரும்பி வந்து அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தான். செங்கல்லை விரலால் சுண்டினான். ரொம்ப வருத்தமாகத் தலையை ஆட்டினான். "மொத்தமாப் போச்சுண்ணே. அக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

ஈஸ்வரன் அன்றைக்கே இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான். புது அடுப்பு வந்துவிட்டால் பழைய குழாய் போய்விடும், அதோடு தன் சங்கடமும் போய்விடும் என்பது அவன் கணக்கு.

கிங்ஸ்லியின் கணக்கு வேறு. மறுநாள் போன் பண்ணினான். "அண்ணே, புகைபோக்கியும் தாங்காது. இன்னொரு பதினஞ்சு ஆகும்." அடுத்து, காற்றுத் தள்ளும் பேன் ஒன்று வைத்தால்தான் புது அடுப்பு சரியாக எரியும் என்றான். ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன், "அக்காகிட்ட நான் ஒண்ணும் மூச்சு விடலண்ணே" என்று சேர்த்துக்கொண்டான். தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையே பறித்த காயைச் சும்மா வைக்க முடியாது. பக்கத்திலேயே ஜெயபாக்கியத்தின் ஸ்டோர் காலியாக இருந்தது. கேட்கிற நிலைமையில் இவர்கள் இல்லை. சோலை ஈர மூட்டைகளைத் தலையில் வைத்து, அவள் கடை வாசலைக் கடந்து, மேட்டில் இருக்கும் பொன்னுமணியின் ஸ்டோருக்குச் சுமந்தான். கூலிக்குத்தான் காயவைத்துக் கொடுத்தார்கள்.

கற்பகம் கிங்ஸ்லியை ஒருநாள் பிடித்துவைத்துக் கேட்டாள். "எது கெட்டுப்போச்சுன்னு தொட்டுக் காட்டு கிங்ஸ்லி."

"எதுன்னு இல்லக்கா. வயசாயிருச்சு."

"எதுக்கு வயசாச்சு? செங்கல்லுக்கா, குழாய்க்கா?"

"எல்லாத்துக்கும் சேந்துதான்க்கா வயசாகும்."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா என்ன விலை?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்றது எங்க தொழில்ல இல்லக்கா." சொல்லிவிட்டு ஈஸ்வரனைப் பார்த்தான். ஈஸ்வரன் வானத்தைப் பார்த்தான்.

கற்பகம் சிரித்துக்கொண்டே, "சரிப்பா, நல்லாச் செய்யி" என்றாள். அந்தச் சிரிப்பை ஈஸ்வரன் கவனித்திருந்தால் அப்போதே தப்பித்திருக்கலாம்.

அடுத்த வாரம் ஈஸ்வரனைப் பேங்குக்கு அனுப்பிவிட்டு, ராசிங்காபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அனுப்பிரியாவை வரச் சொன்னாள். பஸ்சில் போகும்போதெல்லாம் சுவர் விளம்பரத்தில் அந்த நம்பரைப் பார்த்திருக்கிறாள். அனுப்பிரியா போனிலேயே கறாராகச் சொன்னாள்: "வந்து பாக்குறதுக்கு ஐநூறு ரூவாக்கா. வேலைய எனக்கே குடுத்தா அதைக் கழிச்சுக்குவேன். குடுக்கலேன்னா கழிக்க மாட்டேன்."

ஜீப்பிலிருந்து இறங்கியவள் வாயில் சூயிங்கம் மென்றுகொண்டே சுத்தியலால் செங்கல்லைத் தட்டினாள். அடுப்புக் கதவை இரண்டு முறை மூடித் திறந்தாள். பிறகு தட்டுகளுக்கு அடியில் படுத்துக் குழாய் நெடுக ஊர்ந்துபோனாள்.

"அடுப்பு கல்லு மாதிரி இருக்குக்கா. குழாய்ல ஒரே ஒரு துண்டுதான் கிழிஞ்சிருக்கு" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஆனா இது பழசாகிக் கிழிஞ்சதில்ல. துருப்பிடிச்சா ஓட்டை விழும். இது உள்ளருந்து வெளிப்பக்கமா வெடிச்சிருக்கு. விறகோட எதையாச்சும் போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலையே."

அனுப்பிரியா கரி மூடியைத் திறந்து சுத்தியலை உள்ளே விட்டாள். டக் என்றது. சுத்தியலை இழுத்தால் வரவில்லை. பலமாக இழுத்தாள். சுத்தியல் நுனியில் உருண்டையாக ஒரு கறுப்புச் சாமான் ஒட்டிக்கொண்டு வந்தது. குழாயின் உள்சுவரில் பிடித்துக்கொண்டிருந்ததால் கிங்ஸ்லியின் கைக்கு அது அகப்படவில்லை.

"காந்தம்க்கா. ஸ்பீக்கர்ல இருக்கிறது. பேட்டரிதான் வெடிச்சிருக்கும். ஏலக்காய் அடுப்புக்குள்ள ஸ்பீக்கர் எதுக்குக்கா?"

கற்பகம் கையை நீட்டினாள். காந்தத்தை வாங்கி முந்தானையில் துடைத்தாள். முதலில் புருசன் மேல் வந்த கோபத்தில் காது சுட்டது. புதுசாவே போட்டுருவோம் என்றதும், விலை ஏற ஏறச் சரி சரி என்றதும் எல்லாம் இப்போது விளங்கியது. அடுத்த நொடி, பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ஜெயபாக்கியத்தின் குனிந்த தலை கண்முன் வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி பண்ண எவ்வளவு ஆகும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஒரு துண்டு குழாய், இணைப்புக்கு மண்ணு பூசுறது, கரி எடுக்கிறது, ஜீப்பு வாடகை, என் கூலி. எட்டாயிரத்து ஐநூறு. ஐநூறக் கழிச்சா எட்டு. இன்னிக்கே முடிச்சிரலாம், குழாய் ஜீப்புலயே கொண்டாந்திருக்கேன்."

"முடி. ஆனா முடிச்சிட்டு அந்தப் புதுக் குழாய் மேல கரியப் பூசிரு. பழசு மாதிரியே தெரியணும்."

அனுப்பிரியா அவளைப் பார்த்தாள். மென்று கொண்டிருந்ததை நிறுத்தினாள். "கரி பூசுறதுக்குக் காசு வேண்டாம்க்கா" என்றாள்.

ஈஸ்வரன் திரும்பி வந்தபோது ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. அவனாக அந்தப் பக்கம் போவதை நிறுத்தி நாளாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கற்பகத்தின் வாழ்க்கையிலேயே சொகுசானவை. "புது அடுப்பு போடுறோமே, அதுக்குப் பக்கத்துல இந்த ஓட்டை அண்டா அசிங்கமா இருக்காது?" என்றாள். அண்டா வந்தது. மாவு ஆட்டும் கிரைண்டர் சத்தம் போடுகிறது என்றாள். கிரைண்டர் வந்தது. சமையலறைத் தரைக்கு டைல்ஸ் போட்டால் என்ன என்று கேட்டாள். ஈஸ்வரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "போடலாம்" என்றான். இதை இன்னும் ஒரு மாதத்துக்கு இழுத்தால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் சோலை மூட்டையோடு ஜெயபாக்கியத்தின் கடையைக் கடக்கும்போதெல்லாம், அவள் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போவது இங்கிருந்தே தெரிந்தது. போதும் என்று முடிவு செய்தாள்.

கிங்ஸ்லி சாமானோடு வருவதாகச் சொன்ன காலையில், அவள் வெள்ளனவே ஸ்டோரைத் திறந்து காயைப் பரப்பி, தானே அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஈஸ்வரன் ரோட்டில் நின்று கிங்ஸ்லியின் ஜீப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். ஜீப்பு வந்து நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். புகைபோக்கியிலிருந்து புகை நேராக, அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

ஈஸ்வரன் சரிவில் வழுக்காத குறையாக ஓடி வந்தான். "ஏன் பத்தவச்ச? மறுபடியும் வெடிக்கவா?"

"என்ன வெடிக்கும்?"

"அடுப்புதான்."

"அடுப்பு வெடிக்குமா கிங்ஸ்லி?" பின்னால் வந்தவனைக் கேட்டாள் கற்பகம். அவன் ஈஸ்வரனைப் பார்த்தான். "சரி, ரெண்டு பேரும் உக்காருங்க. காப்பி குடிங்க. குடிச்சிட்டு எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த அடுப்புல கெட்டுப்போனது எது?"

"குழாய்" என்றான் ஈஸ்வரன்.

"செங்கல்" என்றான் கிங்ஸ்லி.

இரண்டு சொல்லும் ஒன்றாகவே வந்தன. கற்பகம் இடுப்பிலிருந்து எதையோ எடுத்து ஈஸ்வரன் கையிலிருந்த தம்ளரின் பக்கத்தில் நீட்டினாள். அது எவர்சில்வர் இல்லை, இரும்பில் செய்த பழைய எனாமல் தம்ளர். காந்தம் டக் என்று போய் ஒட்டிக்கொண்டது. காப்பி அவன் வேட்டியில் சிந்தியது. அவன் சுடுகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"நான் நாலு நாள்ல எடுத்துரலாம்னுதான் கற்பகம்."

"எப்ப வச்சீங்க?"

"பங்குனியில."

"என் பாட்டு அவ்வளவு கொடுமையா?"

ஈஸ்வரன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். "பாட்டு இல்ல. பாட்டு மலையில முட்டித் திரும்பி வரும்பாரு, அதான்" என்றான்.

கிங்ஸ்லி எழுந்து மெதுவாக நகர்ந்தான். கற்பகம் அவனை விடவில்லை. "இருபதாயிரம் அட்வான்ஸ் எங்க?"

"தகரம் வாங்கிட்டேனேக்கா."

"அப்ப தகரத்த இங்க இறக்கு. எங்க கொட்டகைக்கு ஆகும்."

கிங்ஸ்லி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே இருந்ததில் பாதி யாரோ கழற்றிப் போட்ட பழைய தகரம், பெயின்ட் மட்டும்தான் புதிது. பகல் வெளிச்சத்தில் அதை இறக்குவதைவிடக் காசைக் கொடுப்பது மேல் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டைப்பையிலும் ஜீப்பு டிரைவரிடமும் புரட்டி எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

பிறகு இருவரும் ஜெயபாக்கியத்தின் கடைக்குப் போனார்கள். வழியில் ஈஸ்வரன் இரண்டு இடத்தில் செருப்பு வாரைச் சரிசெய்வதற்காக நின்றான். இரண்டு இடத்திலும் கற்பகம் காத்திருந்தாள். கடையில் ஆள் இருக்கும்போதே பேச வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆட்கள் இருந்தார்கள். ஈஸ்வரன் சீனி மூட்டையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

ஜெயபாக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கற்பகம் முன்னால் வந்து, "அக்கா, நாலு பேரு முன்னாடி நான் கேட்டது தப்பு. என்ன நினைச்சு அப்படிப் பேசுனேன்னு தெரியல" என்றாள்.

"அழுதேன் கற்பகம். அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல" என்றாள் ஜெயபாக்கியம். பிறகு தராசை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டுப் பெட்டி நின்னுபோகணும்னு ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிட்டேன். மறுநாளே காணாமப் போயிருச்சு. நீ வந்து என்னையக் கேட்டதும், என் ஜெபத்தாலதான் போச்சோன்னு எனக்கே சந்தேகமாயிருச்சு. அதான் எதுத்துப் பேச வாய் வரல" என்றாள்.

பருப்பு வாங்க வந்தவர்களில் யாரோ முதலில் சிரித்தார்கள். ஜெயபாக்கியம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கற்பகத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஈஸ்வரன் மட்டும் இப்போது சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

டைல்ஸ் போடலாம் என்று சொன்னது சொன்னதுதான் என்று கற்பகம் வீட்டுக்கு வந்ததும் தெளிவாக்கிவிட்டாள். போட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஜெயபாக்கியத்தின் ஸ்டோர் அடுப்பு புகைய ஆரம்பித்தது. அனுப்பிரியா அப்போது ஊரில் இல்லாததால் கிங்ஸ்லியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் வந்தான். அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தான். செங்கல்லை விரலால் சுண்டினான். தலையை வருத்தமாக ஆட்டத் தொடங்கிய நேரத்தில், பக்கத்து வேலியைத் தாண்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கற்பகம் வந்து ஜெயபாக்கியத்தின் பக்கத்தில் நின்றாள்.

கிங்ஸ்லி தலையை ஆட்டுவதை நிறுத்தினான்.

"கதவுல கீல் மட்டும்தான்க்கா தேஞ்சிருக்கு" என்றான். "எண்ணூறு ரூவா ஆகும். கூலியும் சேத்து."

"தொட்டுக் காட்டு" என்றாள் கற்பகம்.

அவன் குனிந்து தொட்டுக் காட்டினான்.